தொல்பொருள் கடத்தலும் 1970 உடன்படிக்கையும்: பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு என்ன வழி?

ஏட்டுக்கட்டு:

கடத்திப்போன தொல்பொருள் எதுவானாலும், பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையைக் காட்டிக் கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். மூலத்தில் அப்படி எங்கும் இல்லை. திருப்பிக் கொடுப்பதற்காக 7-ஆம் பிரிவு பேசுவது அருங்காட்சியகம், நினைவுச்சின்னம், அதுபோன்ற நிறுவனம் ஒன்றிலிருந்து திருடப்பட்ட பொருளைப் பற்றி மட்டும்தான். அதுவும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்ததற்கு ஆவணம் இருக்க வேண்டும்.

அப்படியானால் மண்ணைத் தோண்டி எடுத்து நேராகக் கடல் கடந்துபோன பொருளுக்கு என்ன வழி? இன்னொரு கேள்வி: சில நூறு பொருட்கள் மட்டுமே உள்ள சிறிய காப்பகம், திருட்டு நடக்கும் முன்பே எதைச் செய்து வைத்தால் சட்டம் உதவிக்கு வரும்?

நடுகல்:

நீங்கள் படித்தது சரிதான். 1970 நவம்பர் 14-இல் ஏற்கப்பட்டு, 1972 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. முன்தேதியிட்டுச் செல்லாது. சம்பந்தப்பட்ட இரண்டு நாடுகளும் சேர்ந்த பிறகு நடந்தவற்றுக்கே 7-ஆம் பிரிவு பொருந்தும். சந்தை நாடுகள், அதாவது தொல்பொருள் விற்பனை நடக்கும் நாடுகள், சேர்ந்த ஆண்டுகளைப் பாருங்கள்: அமெரிக்கா 1983, பிரான்ஸ் 1997, பிரிட்டன் 2002, சுவிட்சர்லாந்து 2003, ஜெர்மனி 2007. இந்த ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தவற்றை இந்த உடன்படிக்கையை மட்டும் வைத்து மீட்க முடியாது.

கோரிக்கையை அரசுதான் தூதரக வழியில் வைக்க வேண்டும். காப்பகம் நேரடியாக வைக்க முடியாது. ஆதாரம் திரட்டும் செலவும் கொண்டுவரும் செலவும் கேட்கிற நாட்டின் தலையில். விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு நியாயமான இழப்பீட்டையும் அதே நாடுதான் தர வேண்டும்.

இதில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டுச் சட்டத்தில் எதைக் கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கா தன் 1983 சட்டத்தில் 7(பி), 9 ஆகிய இரண்டு பிரிவுகளை ஒட்டித்தான் வழி வகுத்தது. பிரிட்டன் 2003-இல் தனிக் குற்றமே உருவாக்கியது: முறைகேடாகப் பெயர்க்கப்பட்ட அல்லது தோண்டப்பட்ட பொருள் என்று தெரிந்தே நேர்மையற்ற முறையில் வணிகம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை.

தோண்டி எடுத்த பொருளுக்கு வழி 9-ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே தனிப் பொருளுக்குப் பதில் வகைதான் கணக்கு. இரு நாடுகள் ஒப்பந்தம் போட்டு, 'இந்தக் காலத்து, இந்த வகைச் சுடுமண் உருவங்கள்' என்று பட்டியலிடுகின்றன. பட்டியல் வெளியான தேதிக்குப் பிறகு அந்த வகைப் பொருள் துறைமுகத்துக்கு வந்தால், பொருள் கிடைத்த மூலநாட்டின் ஏற்றுமதி அனுமதியையோ, அந்தத் தேதிக்கு முன்பே பொருள் வெளிநாட்டில் இருந்ததற்கான சான்றையோ இறக்குமதியாளர் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை வணிகரின் பக்கம் சாய்கிறது. இதன் மதிப்பு பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவின் ஒப்பந்தங்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியவை. காலாவதியாக விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் சரக்கு புகுந்துவிடும்.

செப்பேடு:

நடுகல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோண்டி எடுத்த பொருளுக்காக வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போது முதலில் எழும் கேள்வி, 'இது யாருடைய சொத்து?' என்பதுதான். ஏற்றுமதிக்குத் தடை இருந்தது என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் தோல்விதான். ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையை இன்னொரு நாட்டு நீதிமன்றம் அமல்படுத்தித் தர வேண்டியதில்லை. உடைமை உரிமை வேறு விஷயம்.

இரண்டு லண்டன் வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் தாரநாகி மரச்சிற்பப் பலகைகள் வழக்கில், 1962 சட்டம் அனுமதியின்றி ஏற்றுமதி செய்தால் பொருள் 'பறிமுதலாகும்' என்றது. அதிகாரிகள் உண்மையில் கைப்பற்றினால்தான் அரசுக்கு உடைமை வரும் என்று பொருள் கொண்டு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1983-இல் நியூசிலாந்தின் கோரிக்கையைத் தள்ளியது. பலகைகள் 2014-இல்தான் நாடு திரும்பின. மாறாக, ஈரானின் ஜிரோஃப்ட் பகுதிக் கற்கலங்கள் வழக்கில் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈரானின் பக்கம் நின்றது. தோண்டி எடுக்கப்படும் தொல்பொருட்கள் மீது ஈரானிய அரசுக்கு உடைமையும் உடனே கையில் பெறும் உரிமையும் இருப்பதாக 1979 சட்டத்தை அது வாசித்தது. பொருளை அரசு ஒருநாளும் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே போக்கு. மெக்சிகோவின் 1972 சட்டம் தெளிவாக உடைமை கோரியது, அதற்கு முந்தையவை கோரவில்லை என்று 1977-இல் மெக்லெய்ன் வழக்கு பிரித்துக் காட்டியது. எகிப்தின் 1983-ஆம் ஆண்டு 117-ஆம் எண் சட்டத்தை வைத்து நியூயார்க் தொல்பொருள் வணிகர் ஷூல்ட்ஸ் மீதான வழக்கில் 2003-இல் தண்டனை உறுதியானது.

சட்டத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1989-இல் அமெரிக்காவில் பெரு தோற்ற வழக்கு எடுத்துக்காட்டு. பொருட்கள் பெரு பாணியில் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பண்பாடு இன்றைய பல நாடுகளில் பரவியிருந்தது. இன்றைய பெருவின் எல்லைக்குள் தோண்டப்பட்டவைதான் என்று காட்ட முடியவில்லை. எப்போது வெளியே போயின, அந்த நேரத்தில் எந்தச் சட்டம் இருந்தது என்பதும் நிற்கவில்லை.

ஆகவே சட்டம் எழுதுபவர்கள் 'கண்டெடுக்கப்படாத தொல்பொருள் யாவும் அரசின் உடைமை' என்று ஒரே நேரடி வாக்கியமாக எழுத வேண்டும். யுனெஸ்கோவும், நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருமைப்படுத்தும் பன்னாட்டு அமைப்பான யுனிட்ராய்ட்டும் சேர்ந்து 2011-இல் இதற்கென்றே மாதிரி விதிகள் தந்திருக்கின்றன.

தாழி:

கண்டெடுத்த இடத்தை நிரூபிப்பதுதான் முள். பொருளைத்தான் பதிவு செய்ய முடியவில்லை, அது கிடந்த குழியையாவது பதிவு செய்யலாமே? கொள்ளை நடந்த தொல்லியல் மேட்டில் பெரும்பாலும் குழியை மூடிவிட்டு வேலி போடுவதோடு விட்டுவிடுகிறார்கள். ஆதாரமும் அதோடு மூடப்பட்டுவிடுகிறது.

மூடும் முன் ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து ஜிபிஎஸ் ஆயம், நீளம், அகலம், ஆழம் எழுத வேண்டும். சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை அளவுகோலோடு படம் எடுங்கள். கொள்ளையர் வேண்டாமென்று எறிந்த துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். உடைந்த விளிம்பு பிறகு எங்கோ ஓர் ஏலப் பட்டியலில் இருக்கும் பொருளோடு பொருந்தலாம். ஒவ்வொரு அடுக்கிலும் மண் மாதிரி எடுத்துத் தனித்தனிச் சுத்தமான குப்பியில் இட்டு முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்று கையெழுத்தோடு தாள் வைக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால், ஆய்வகம் எவ்வளவு நல்ல முடிவு தந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஒரே கேள்வியில் உதறிவிடுவார். பழைய செயற்கைக்கோள் படங்களும் உதவும்: எந்த மாதத்தில் மேடு சமமாக இருந்தது, எந்த மாதத்தில் குழிகள் தோன்றின என்பதை வைத்துக் கொள்ளையின் காலத்தைக் குறுக்கலாம்.

துண்டு பொருந்துவதற்குப் பெர்கே ஹெராக்ளிஸ் என்ற பழைய பளிங்குச் சிலையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இடுப்புக்குக் கீழ்ப்பகுதி 1980-இல் துருக்கியின் பெர்கே அகழாய்வில் கிடைத்து அந்தாலியா அருங்காட்சியகத்துக்குப் போனது. மேற்பகுதி 1981-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வந்தது. 1992-இல் இரண்டு பாதிகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைச் சேர்த்து வைத்தபோது முறிவு முறிவோடு பொருந்தியது. அதன் பிறகும் மேற்பாதி நாடு திரும்ப 2011 ஆனது.

கடல்வழி:

ஒரு சந்தேகம். திருட்டுப் பொருள் தரவுத்தளத்தில் தேடிப் 'பதிவில்லை' என்று சான்று வாங்கிவிட்டால் வாங்குபவர் தப்பித்துக்கொள்ளலாமா?

நடுகல்:

தப்பக் கூடாது. இன்டர்போல் தரவுத்தளத்தில் 50,000-க்கு மேற்பட்ட பொருட்கள் உள்ளன. 2021-இல் வந்த ஐடி-ஆர்ட் செயலியில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் உள்ளே ஏறுவது, நாட்டின் இன்டர்போல் தேசிய மையம் போன்ற அனுமதி பெற்ற அமைப்புகள் அனுப்பும், முழுமையாக அடையாளம் காணக்கூடிய பொருட்கள் மட்டும். நேற்று தோண்டிய பொருள் எந்தத் தரவுத்தளத்திலும் இருக்க முடியாது. தனியார் தரவுத்தளச் சான்றும் அப்படித்தான். தொல்பொருளைப் பொறுத்தவரை 'பதிவில்லை' என்ற விடை எதையும் நிரூபிக்காது. அந்தத் தாளை ஏலப் பட்டியலில் நற்சான்றாக அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

மண்ணடுக்கு:

ஏட்டுக்கட்டின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடிப்படை, 1997-இல் வெளியான 'ஆப்ஜெக்ட் ஐடி' தரம். இப்போது பன்னாட்டு அருங்காட்சியக மன்றமான ஐகாம் பராமரிக்கிறது. பொருளின் வகை, செய்பொருளும் உத்தியும், அளவு, எழுத்தும் குறிகளும், தனித்த அடையாளங்கள், தலைப்பு, கருப்பொருள், காலம், செய்தவர் ஆகிய 9 தலைப்புகள், கூடவே படமும் சிறு விவரிப்பும். போலீசும் சுங்கமும் காப்பீட்டு நிறுவனமும் ஒரே தாளைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வடிவமைத்தது.

இதில் உயிர்நாடி 'தனித்த அடையாளங்கள்'. பலரும் அந்தக் கட்டத்தில் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு வெண்கலப் படிமத்தை எடுத்துக்கொண்டால், வார்ப்பில் விழுந்த காற்றுத் துளை எங்கே, ஒட்டுப்போட்ட இடம் எது, இடது கைச் சுண்டுவிரல் நுனி முறிந்திருக்கிறதா, பீடத்தின் அடியில் உளி பட்ட தழும்பு எப்படி வளைகிறது என்று எழுத வேண்டும். ஒரே பாணியில் நூறு படிமங்கள் இருக்கலாம். அதே இடத்தில் அதே காற்றுத் துளையோடு இன்னொன்று இருக்காது.

அளவு எழுதும்போது பீடத்தோடு ஒன்று, பீடம் இல்லாமல் ஒன்று என்று இரண்டு உயரமும் வேண்டும். பீடத்தை அறுத்துவிட்டு விற்றால் ஒற்றை உயரம் எழுதிய பதிவேடு பொருந்தாமல் போய்விடும். எடையும் அவசியம்.

முன், பின், இரு பக்கம், மேல், அடி என்று ஆறு படமாவது எடுங்கள். அளவுகோலும் வண்ண அட்டையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். எழுத்து, கீறல், தேய்வு உள்ள இடங்களில் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துத் தனிப்படம் எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் அவை மறைந்துவிடும். கோப்பின் பெயரே பதிவு எண்ணாக இருக்கட்டும். உள்ளாளின் துணையோடு நடக்கும் திருட்டில் பொருளோடு பதிவேட்டுப் பக்கமும் காணாமல் போகும். அதனால் ஒரு முழுப் பிரதி வேறு கட்டடத்தில், இணையத் தொடர்பில்லாத வட்டில் இருக்க வேண்டும்.

பொருளின் மேல் எண் எழுதும் முறையும் முக்கியம். அசிட்டோனில் 15 முதல் 20 சதவீதம் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை, கண்ணில் படாத ஆனால் புரட்டிப் பார்க்க எளிதான இடத்தில் சிறு பட்டையாகப் பூசி, நன்றாக உலரவிட்டு, அதன் மேல் நிறமி மையால் எழுத வேண்டும். மேல்பூச்சுக்கு மறுபடி பி-72 போட்டால் அசிட்டோன் கீழ்ப்பூச்சைக் கரைத்து எழுத்தை இழுத்துவிடும். வெள்ளை ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரையும் பாராலாய்ட் பி-67 போட்டால் அந்தத் தொல்லை இல்லை. நகப்பூச்சு வேண்டவே வேண்டாம், மஞ்சளாகி உரிந்துவிடும். வண்ணம் பூசிய பொருள், நுண்துளை மிகுந்த பொருள், பிளாஸ்டிக் இவற்றில் இந்த முறை கூடாது. துணியானால் எண் எழுதிய நாடாவைத் தைக்கலாம்.

சில நூறு பொருளையும் ஒரே மூச்சில் முடிக்க ஆள் இல்லையென்றால், ஒரு கையால் தூக்கக்கூடியவற்றில் தொடங்குங்கள். திருடர்களுக்கு எளிதாகக் கிடைப்பவை அவைதாம்.

செப்பேடு:

மண்ணடுக்கு சொன்னதன் பயன் எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலியத் தேசிய ஓவியக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நடராசரைச் சொல்லலாம். விற்றவர் கொடுத்த உடைமை வரலாறு பொய். ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்த காலத்தில் எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில் இருந்தது. 2014 செப்டம்பரில் படிமம் இந்தியா திரும்பியது. கலையாய்வுக்காக எடுத்து வைத்த படம்தான் மீட்புக்கு ஆதாரமானது.

இப்போது கேள்வி: திருட்டு நடந்தபின் என்ன வேகம் வேண்டும்? சட்டம் கொடுக்கும் காலம் குறைவு. யுனிட்ராய்ட் 1995 உடன்படிக்கைப்படி பொருள் எங்கே, யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். திருடிய நாளிலிருந்து பொதுவாக 50 ஆண்டு. அடையாளம் காணப்பட்ட நினைவுச்சின்னம், தொல்லியல் இடம், பொதுச் சேகரிப்பு இவற்றின் பொருளானால் 50 ஆண்டு வரம்பு கிடையாது. ஆனால் 3 ஆண்டு உண்டு.

உடன்படிக்கை பொருந்தாத இடத்தில் இன்னும் மோசம். 1980-இல் லண்டனில் தீர்ந்த வின்க்வொர்த் வழக்கைப் பாருங்கள்: இங்கிலாந்தில் திருடிய ஜப்பானியக் கலைப்பொருட்கள் இத்தாலியில் விற்கப்பட்டு, ஏலத்துக்காக மறுபடி லண்டனுக்கே வந்தன. விற்பனை நடந்த இடத்துச் சட்டம்தான் பொருந்தும் என்றதால் திருட்டுப் பொருள் என்று தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவரை இத்தாலியச் சட்டம் காத்தது. நடுவில் ஒரு நாட்டில் கைமாற்றிப் பொருளை 'வெளுத்து' எடுப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே அறையைத் தொடாமல் பூட்டி, பதிவேட்டோடு ஒப்பிட்டு எது போனது என்று அன்றே எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தாளோடு போலீசில் புகார் கொடுங்கள். 'சில சிலைகள்' என்று புகார் எழுதினால் இன்டர்போலில் ஏற்ற முடியாது. படத்தோடு தேசிய மையத்துக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். ஏல நிறுவனங்கள், ஐகாம், சுங்கம் எல்லோருக்கும் தெரியப்படுத்தி, அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வையுங்கள்.

அப்படித் தெரியப்படுத்தியது சைப்ரஸுக்குக் கைகொடுத்தது. தன் நாட்டுக் கனகாரியா தேவாலயத்தின் மொசைக்குகளை (சிறு கற்துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர்ப்படங்களை) காணோம் என்று யுனெஸ்கோ முதல் பல அமைப்புகளுக்கும் சைப்ரஸ் தொடர்ந்து தெரிவித்து வந்தது. அவற்றை ஜெனீவா விமான நிலையத்தில் 10.8 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்க வணிகரோ போதுமான விசாரணை செய்யவில்லை. 1989-இல் இந்தியானா நீதிமன்றம் மொசைக்குகளைத் தேவாலயத்துக்கே கொடுத்தது.

கடல்வழி:

இழப்பீட்டு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. திருட்டுக் கொடுத்த நாடே காசு கொடுத்து மீட்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

நடுகல்:

1970 உடன்படிக்கையின் குறை அது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவின் பல சட்டங்களில் நல்லெண்ணத்தில் வாங்கியவரின் பக்கம் வலுவாக இருந்ததால் அந்த நாடுகளைச் சேர்க்கச் செய்த சமரசம். யுனிட்ராய்ட் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே திருட்டுப் பொருளை வைத்திருப்பவர் கொடுத்தே ஆக வேண்டும். உரிய விசாரணை செய்துதான் வாங்கினேன் என்று தானே நிரூபித்தால் மட்டும் இழப்பீடு. விற்றவர் யார், விலை சந்தைக்கு ஒத்து வருகிறதா, எட்டக்கூடிய பதிவேட்டைப் பார்த்தாரா என்று அளவுகோலும் உண்டு. முறைகேடாகத் தோண்டியதும் அங்கே திருட்டாகவே கருதப்படும், மூலநாட்டுச் சட்டம் அப்படிச் சொன்னால். ஆனால் அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. மூலநாடுகளே வெளியே நின்றுகொண்டு சந்தை நாடுகளைக் குறை சொல்வதில் வலு இல்லை.

தாழி:

கடத்தல்காரர்கள் ஆவணத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷூல்ட்ஸ் வழக்கில் 1920-களிலேயே எகிப்தை விட்டு வந்த 'தாமஸ் ஆல்காக் சேகரிப்பு' என்று ஒன்றைக் கற்பனையில் உண்டாக்கினார்கள். பழைய தாள் போலத் தெரிய, சீட்டுகளைத் தேநீரில் தோய்த்து மைக்ரோவேவில் காயவைத்தார்கள். மூன்றாம் அமென்ஹோதெப்பின் தலைச்சிற்பம் எகிப்தை விட்டு வெளியேறும்போது பிளாஸ்டிக் பூச்சும் வண்ணமும் ஏற்றி மலிவான நினைவுப்பொருள் வேடத்தில் போனது.

எனவே 1970-க்கு முந்தைய கடிதம் என்று காட்டினால், கடிதத் தலைப்பில் உள்ள அஞ்சல் குறியீடும் தொலைபேசி இலக்கமும் அந்த ஆண்டில் வழக்கில் இருந்தனவா, எழுத்துரு அந்தக் காலத்துத் தட்டச்சா, கடிதம் குறிக்கும் பொருளின் அளவு கையில் இருக்கும் பொருளுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 'ஒரு வெண்கலச் சிலை' என்று மட்டும் சொல்லும் ஒரே கடிதத்தைப் பல பொருட்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டலாம். பொருளின் மடிப்புகளில் ஈரமண், புதிய அறுப்புத் தடம், கணுக்காலில் நேர்க்கோட்டு வெட்டு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சுங்கத்தில் 'கைவினைப் பொருள்' என்ற அறிவிப்புதான் பழைய வழி. 2022 சுங்கக் குறியீட்டுத் திருத்தம் 250 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706.10 என்று தனி எண் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/880 ஒழுங்குவிதி 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது: 250 ஆண்டு கடந்த அகழாய்வுப் பொருளுக்கு மதிப்பு எவ்வளவானாலும் இறக்குமதி உரிமம் வேண்டும்; 200 ஆண்டு கடந்த வேறு சில வகைகளுக்கு 18,000 யூரோ முதல் இறக்குமதியாளர் கையெழுத்திட்ட அறிக்கை.

ஏட்டுக்கட்டு:

மிக்க நன்றி. போர்க்கால ஏற்பாடு பற்றி யாராவது சுருக்கமாகச் சொல்ல முடியுமா? போரில் தாக்கக் கூடாத பண்பாட்டுச் சொத்து என்று காட்டும் நீலக் கேடயக் குறியைக் காப்பகமே கூரையில் வரைந்துகொள்ளலாமா?

செப்பேடு:

கூடாது. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்தைக் காக்கும் 1954 ஹேக் உடன்படிக்கைப்படி அசையாச் சொத்தில் குறி இட, உரிய அதிகாரி தேதியிட்டுக் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் அங்கேயே காட்சியில் இருக்க வேண்டும். பொதுப் பாதுகாப்புக்கு ஒரு கேடயம். முக்கோணமாக மூன்று என்பது சிறப்புப் பாதுகாப்புக்கும் இடமாற்றத்துக்கும் தற்காலிகப் புகலிடத்துக்கும் மட்டும். அந்த உடன்படிக்கையின் 1999 இரண்டாம் நெறிமுறை தரும் உயர்நிலைப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனை: மனிதகுலத்துக்கே மிக முக்கியமானது, உள்நாட்டுச் சட்டம் காக்கிறது, படைக்குப் பயன்படாது என்ற அறிவிப்பு.

குறி இருந்தால் குண்டு விழாது என்று நம்ப வேண்டாம். 1991 டிசம்பர் 6-இல் குரோஷியாவின் துப்ரோவ்னிக் பழைய நகரம் தாக்கப்பட்டது. பிறகு தண்டனை வந்தது உண்மைதான். மாலி நாட்டின் திம்புக்து கல்லறை மாடங்களை இடித்தவருக்கும் 2016-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டு கொடுத்தது. ஆனால் இடிந்தது இடிந்ததுதான். அசையும் பொருளுக்கு, எந்தப் பெட்டி முதலில் வெளியேற வேண்டும் என்ற வரிசை, பெட்டி எண், உள்ளே இருப்பதன் பட்டியல் மூன்று நகல் ஆகியவற்றை அமைதிக் காலத்திலேயே தயார் செய்ய வேண்டும். ஈராக், சிரியப் பொருட்களுக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199-ஆம் தீர்மானம் வணிகத்தையே தடுக்கிறது: ஈராக்குக்கு 1990 ஆகஸ்ட் 6, சிரியாவுக்கு 2011 மார்ச் 15 தொடங்கி வெளியேறியவை.

மண்ணடுக்கு:

மீட்டுக் கொண்டுவந்த பிறகு நடப்பதைப் பற்றியும் ஒரு சொல். துருக்கியிலிருந்து கடத்தப்பட்ட லிடியப் புதையலை 1993-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் திருப்பிக் கொடுத்தது. அதில் இருந்த இறக்கை கொண்ட கடற்குதிரைத் தங்க அணி துருக்கியின் உஷாக் அருங்காட்சியகத்திலேயே களவாடப்பட்டு, அதன் இடத்தில் போலி வைக்கப்பட்டிருப்பது 2006-இல் தெரியவந்தது. உண்மையானது பிறகு ஜெர்மனியில் மீட்கப்பட்டது.

வந்திறங்கிய அன்றே எடை, அளவு, படம் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதைத் தனியே எழுதுங்கள். அதன் பிறகு சோதனை இரண்டு திசையிலும் போக வேண்டும்: பதிவேட்டிலிருந்து எண்களைக் குலுக்கி எடுத்து அலமாரியில் தேடுவது ஒன்று, அலமாரியிலிருந்து பொருளை எடுத்துப் பதிவேட்டில் தேடுவது மற்றொன்று. முதல் வழியில் காணாமல் போனது தெரியும், இரண்டாவதில் பதிவேறாமல் விட்டது தெரியும். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போலி தப்பிவிடும். அப்படிச் சோதனைக்கு எடுத்தவற்றில் உலோகப் பொருள் ஒவ்வொன்றையும் தராசில் வைத்தாக வேண்டும். சோதிப்பவர் அந்த அறையின் சாவி வைத்திருப்பவராக இருக்கக் கூடாது.